ரக்பி பிளேயர்னா யாரு, அவன் எப்படிப் பொழைக்கான்?

எனக்க தங்கச்சி மகன் எட்டாம் கிளாஸ் படிக்கான், வீடு குளச்சல் பக்கம். போன மாசம் ஒரு வீடியோவ காட்டி, "மாமா, இது அமெரிக்கா ஃபுட்பால் தானே, ஏன் ஒருத்தனும் ஹெல்மெட் போடல்ல?"ன்னு கேட்டான். "அது இல்ல மக்கா, இது ரக்பி"ன்னு சொன்னேன். அடுத்த நிமிஷமே "இத விளையாடினா சம்பளம் குடுப்பாங்களா, எத்தன வருஷத்துக்கு?"ன்னு கேட்டான் பாருங்க, அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நம்ம ஊர்ப் பிள்ளைங்க காண்ட்ராக்ட் எத்தன வருஷம், மெடிக்கல் பாஸ் ஆகுமா, முடிஞ்சா ரினிவல் உண்டான்னு வீட்ல பேசறத கேட்டுக் கேட்டு வளந்ததுங்க. ரக்பி ஆட்டக்காரனுக்க வாழ்க்கையும் கிட்டத்தட்ட அதுக்குள்ள தான் கெடக்கு. அதனால அவனுக்கு சொன்னத கொஞ்சம் விரிவா எல்லாருக்கும் சேத்து எழுதுதேன்.

எனக்கு இது எப்படித் தெரியும்னா, நான் துபாயில எட்டு வருஷம் ஏசி மெக்கானிக்கா இருந்தேன். அங்க டிசம்பர் தொடக்கத்துல துபாய் செவன்ஸ்னு பெரிய ரக்பி போட்டி நடக்கும், அல் ஐன் போற ரோட்டுல அதுக்குன்னே கட்டின ஸ்டேடியம் இருக்கு. ஒரு வருஷம் டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் ஏசி பாக்க எங்க ரெண்டு பேர அனுப்பினாங்க. நாங்க ஏணிய சாத்தி வச்சு ஃபில்டர் கழட்டிட்டு இருக்கோம், கீழ ஒரு பெரிய தொட்டி நிறைய ஐஸ் தண்ணி, அதுக்குள்ள கழுத்து வரைக்கும் ஒரு ஆளு. குளச்சல் துறைமுகத்துல மீன் பெட்டியில அள்ளிப் போடுவாங்கல்லா, அதே மாதிரி ஐஸ் கட்டி. பல்லக் கடிச்சிட்டு உக்காந்திருக்கான், இருபத்தஞ்சு வயசு இருக்கும், தண்ணிக்கு மேல தெரிஞ்ச ரெண்டு காதும் வீங்கி மடங்கி கல்லு மாதிரி இருக்கு. பக்கத்துல ஒருத்தர் வாட்ச பாத்துட்டே நிக்காரு. டைம் முடிஞ்சதும் எழும்பினான், அப்பத் தான் பாத்தேன் முழங்கால்ல ஒரு ஜாண் நீளத்துக்கு பழைய தையல் தழும்பு. துடைச்சுட்டு திரும்ப பூட்ஸ் கட்ட ஆரம்பிச்சுட்டான், அன்னைக்கே அவனுக்கு இன்னொரு மேட்ச் இருக்காம். அந்தக் காதும் அந்தத் தழும்பும் மனசுல நின்னு போச்சு, அதுக்குப் பொறவு தான் ரூம்ல டிவியில ரக்பி வந்தா உக்காந்து பாக்க ஆரம்பிச்சேன்.

காத முதல்ல சொல்லிடுதேன், ஏன்னா எல்லாரும் கேக்கறது அது தான். திரும்பத் திரும்ப காது நசுங்கி உரசும்போது தோலுக்கும் உள்ள இருக்கற குருத்தெலும்புக்கும் நடுவுல ரத்தம் கட்டும், உடனே ஊசி வச்சு எடுக்கல்லன்னா அது அப்படியே இறுகிப் போகும். பொறவு பழைய மாதிரி ஆகாது. குஸ்தி பிடிக்கறவங்களுக்கும் இது உண்டு. அதனால சில பேரு தலையச் சுத்தி டேப் ஒட்டிட்டு இறங்குவாங்க.

இப்ப ஆட்டம். துபாயில நான் பாத்தது ஏழு பேர் ஆட்டம், 7 நிமிஷம் 7 நிமிஷமா ரெண்டு பாதி, ஒலிம்பிக்ல 2016 ல இருந்து இருக்கறதும் இது தான். பெரிய சம்பளமும் பெரிய கூட்டமும் இருக்கறது பதினஞ்சு பேர் ஆட்டத்துல, 40 நிமிஷம் 40 நிமிஷம். பந்து உரிக்காத தேங்கா மாதிரி நீள உருண்டை, எடை அரை கிலோவுக்கும் கொஞ்சம் கீழ, தரையில விழுந்தா எந்தப் பக்கம் துள்ளும்னு சொல்லவே முடியாது. கையில எடுத்துட்டு ஓடலாம், காலால உதைக்கலாம், ஆனா கையால பாஸ் குடுக்கணும்னா முன்னால குடுக்கக் கூடாது, பக்கவாட்டுலயோ பின்னாலயோ தான். இந்த ஒரு ரூல் மனசுல ஏறிட்டா பாதி ஆட்டம் புரிஞ்சிடும், ஏன்னா முன்னேறணும்னா யாராவது ஒருத்தன் பந்த வச்சுட்டு எதிராளி மேல மோதித் தான் ஆகணும். எதிராளியும் பந்து வச்சிருக்கறவன மட்டும் தான் பிடிக்கலாம், தோளுக்கு மேல பிடிக்கக் கூடாது. எல்லைக் கோட்டத் தாண்டி பந்த தரையில அழுத்தி வச்சா அது ட்ரை, 5 பாயிண்ட். அதுக்குப் பொறவு கம்பத்துக்கு நடுவுல உதைச்சா இன்னும் 2. எதிராளி தப்பு செஞ்சா கிடைக்கற பெனால்டிய உதைச்சா 3. இவ்வளவு போதும், மிச்ச ரூல் பாக்கப் பாக்க தானா வரும்.

ஃபுட்பால்ல கோலிய விட்டா எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி உடம்பு இருந்தாப் போதும். ரக்பியில அப்படி இல்ல, முதுகுல இருக்கற நம்பர் தான் ஒருத்தனுக்க வேலை, அந்த நம்பர் தான் அவன் என்ன தின்னணும் எவ்வளவு எடை இருக்கணும் எத்தன வயசு வரைக்கும் விளையாடுவான்னு எல்லாத்தையும் முடிவு பண்ணுது. 1 ல இருந்து 8 வரைக்கும் ஃபார்வேர்ட்ஸ், முட்டித் தள்ளற கூட்டம். 9 ல இருந்து 15 வரைக்கும் பேக்ஸ், ஓடற கூட்டம். 1, 3 நம்பர் ப்ராப், 120 கிலோ வரைக்கும் சாதாரணமா இருப்பாங்க. 4, 5 லாக், ஆறரை அடி ஆளுங்க, பந்து வெளிய போய் திரும்ப உள்ள எறியும்போது இவங்கள கூட்டாளிங்க தொடையப் பிடிச்சு மேல தூக்குவாங்க. 9 ஸ்க்ரம்ஹாஃப், பொதுவா சின்ன ஆளு, சுறுசுறுப்பு. 10 ஃப்ளைஹாஃப், டீமுக்க மூளை. 11, 14 விங், வேகம். தென்னாப்பிரிக்காவுக்க செஸ்லின் கோல்பே அஞ்சே முக்கால் அடி கூட இல்ல, ஆனா ரெண்டு உலகக் கோப்பை ஜெயிச்ச டீம்ல இருந்தவரு. அதனால குள்ளம்னு ஒருத்தன ஒதுக்கற விளையாட்டு இது இல்ல.

ஸ்க்ரம்னு ஒண்ணு உண்டு, அத கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும். எட்டு பேரு மூணு வரிசையா கட்டிப்பிடிச்சு குனிஞ்சு, எதிர்ல அதே மாதிரி குனிஞ்ச எட்டு பேரோட தலையும் தோளும் கோத்துத் தள்ளணும். பெரிய டீம்ல ஒரு பக்கத்து எட்டு பேரும் சேந்தா சுமாரா 900 கிலோ வரும். நம்ம கடற்கரையில கரமடி வலை இழுக்கும்போது பாத்திருப்பியள், ஒருத்தன் மட்டும் பலமா இழுத்தா ஒண்ணும் நடக்காது, எல்லாருக்க காலும் ஒரே நேரத்துல மணல்ல ஊனணும். ஸ்க்ரம்லயும் அதே கணக்கு தான், ஆனா இங்க நடுவுல இருக்கற 2 ஆம் நம்பர் ஹூக்கருக்க ரெண்டு கையும் பக்கத்துல உள்ளவங்க தோள்ல மாட்டியிருக்கும், ஸ்க்ரம் சரிஞ்சா கைய ஊனக் கூட முடியாது, பாரம் முழுக்க கழுத்துக்கு வரும். அதனால தான் முன் வரிசை வேலைக்குப் பயிற்சி இல்லாதவன எவ்வளவு பலசாலியா இருந்தாலும் அந்த இடத்துல நிறுத்த மாட்டாங்க, ஆளு இல்லன்னா ரெஃபரி தள்ளாத ஸ்க்ரம் தான் வைப்பாரு.

சரி, மருமகன் கேட்ட சம்பளம். இதுக்கு ஒரு பெரிய கதை உண்டு. இங்கிலாந்து வடக்குல சுரங்கத்துலயும் மில்லுலயும் வேல பாத்த ஆளுங்க சனிக்கிழம மேட்ச்சுக்குப் போனா அன்னைக்குக் கூலி போகும். அந்தக் கூலிய மட்டுமாவது குடுங்கன்னு கேட்டாங்க, மேலிடம் குடுக்க மாட்டோம்னு சொல்லிட்டு. 1895 ஆகஸ்ட் 29 ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்ட்ல ஒரு ஓட்டல்ல கூடி வடக்கத்தி கிளப்புங்க பிரிஞ்சு போயிட்டாங்க, அது தான் இன்னைக்கு பதிமூணு பேர் ஆடற ரக்பி லீக். பதினஞ்சு பேர் ஆடற பழைய ஆட்டம், அதாவது ரக்பி யூனியன், காசு வாங்கக் கூடாதுன்னு அப்படியே நின்னுது, எத்தன வருஷம்? சரியா நூறு. 1995 ஆகஸ்ட்ல தான் இனி சம்பளம் வாங்கலாம்னு அறிவிச்சாங்க. அதுவரைக்கும் எவ்வளவு பெரிய வீரனா இருந்தாலும் வேற ஒரு தொழில் பாத்துத் தான் சாப்பிட்டாரு. வேல்ஸ் நாட்டுக்க ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் எழுபதுகள்ல உலகத்துலயே பெரிய ஃபுல்பேக் (கடைசியில காவல் நிக்கற 15 ஆம் நம்பர்), ஆனா தொழில் எலும்பு டாக்டர். கூலி கேட்டது தப்புன்னு ஒரு கூட்டத்தையே நூறு வருஷம் ஒதுக்கி வச்சது எனக்கு இன்னும் மனசு ஆறல்ல, கூலி வேல பாத்தவனுக்குத் தான் அந்த ஒரு நாள் சம்பளத்துக்க அருமை தெரியும்.

இப்ப ஒருத்தன் எப்படி இதுக்குள்ள வாறான்னா, ஸ்கூல்லயும் ஊர் கிளப்லயும் விளையாடும்போதே கிளப்புகளுக்க அகாடமி ஆளுங்க வந்து பாத்து பதினாலு பதினஞ்சு வயசுல எடுத்துக்கிடுவாங்க. பதினெட்டுல முழுநேர அகாடமி காண்ட்ராக்ட், கொஞ்ச சம்பளம். நிறைய பேரு இங்கேயே உதிந்துடுவாங்க. மிஞ்சறவனுக்கு சீனியர் காண்ட்ராக்ட், பெரும்பாலும் ரெண்டு வருஷம், மூணு வருஷம். இங்கிலாந்து பிரீமியர்ஷிப், பிரான்சுல டாப் 14, அயர்லாந்து வேல்ஸ் ஸ்காட்லாந்து இத்தாலி தென்னாப்பிரிக்கா சேந்து ஆடற யுனைட்டட் ரக்பி சாம்பியன்ஷிப், நியூசிலாந்து ஆஸ்திரேலியா பக்கம் சூப்பர் ரக்பி, ஜப்பான்ல லீக் ஒன், இது தான் வேல கிடைக்கற இடங்கள். நாட்டுக்கு ஆடினா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கேப்னு கணக்கு வைப்பாங்க, வேல்ஸுக்கு மட்டும் 158 கேப் வாங்கின ஆலன் வின் ஜோன்ஸ் அந்த வரிசையில மேல நிக்காரு. பிறந்த நாடு இல்லன்னாலும் ஒரு நாட்டுல தொடர்ந்து அஞ்சு வருஷம் இருந்தா அந்த நாட்டுக்கு ஆடலாம், முன்னாடி மூணு வருஷமா இருந்தத கூட்டிட்டாங்க.

வாரம் எப்படிப் போகும்? சனிக்கிழம மேட்ச்னு வைங்க. ஞாயிறு உடம்பு அசையாது, படியில இறங்கறதே பாடு. திங்கள் மசாஜ், நீச்சல், மேட்ச் வீடியோவ போட்டு யாரு எங்க கோட்டை விட்டான்னு பாப்பாங்க. செவ்வாய் தான் கடுமையான நாள், ஜிம், மோதற பயிற்சி எல்லாம். புதன் பெரும்பாலும் லீவு. வியாழன் திரும்ப வேகமா, வெள்ளி லேசா ஒரு ஓட்டம், அதுக்கு கேப்டன்ஸ் ரன்னு பேரு. பயிற்சியில ரெண்டு தோளுக்கும் நடுவுல ஒரு சின்ன ஜிபிஎஸ் பொட்டி மாட்டியிருக்கும், எவ்வளவு ஓடினான் எவ்வளவு வேகம்னு எல்லாம் கோச்சுக்க கம்ப்யூட்டர்ல விழும், ஒப்பேத்த முடியாது. சாப்பாடும் வேல மாதிரி தான், பசிச்சாலும் பசிக்கல்லன்னாலும் குறிச்சு குடுத்தத தின்னணும். நம்ம ஊர்ல மரச்சீனியும் சாளைக் கறியும் ஒரு மனுஷன் வயிறு நிறைய சாப்பிடறது அவங்களுக்கு நடுவுல ஒரு நேரம் கொறிக்கறதுக்குத் தான் காணும்.

பணம் எவ்வளவுன்னா, இங்கிலாந்து பிரீமியர்ஷிப்ல ஒரு கிளப் வீரர்களுக்கு மொத்தமா செலவழிக்கற சம்பளத்துக்கு வரம்பு 64 லட்சம் பவுண்டுன்னு 2024-25 சீசன்ல வச்சாங்க. சும்மா கணக்குக்கு 40 பேருக்கு சமமா பிரிச்சா ஆளுக்கு 1,60,000 பவுண்டு, ஆனா சமமா பிரிக்க மாட்டாங்கல்லா, பேரு வாங்கினவன் மேல நிப்பான், புதுசா வந்தவனுக்கு அதுல ஒரு துண்டு தான். நல்ல காசு தான், இல்லன்னு சொல்லல்ல, ஆனா பெரிய ஃபுட்பால் வீரங்களோட ஒப்பிடவே கூடாது. அதோட கிளப்பே நிலைக்கும்னு உறுதி கெடையாது, 2022 ல வூஸ்டர், வாஸ்ப்ஸ், 2023 ல லண்டன் ஐரிஷ்னு மூணு பெரிய கிளப் கடன்ல மூழ்கிப் போச்சு, காண்ட்ராக்ட் செத்துப் போன ஆளுங்க வேற கிளப் தேடி பெட்டி கட்டினாங்க. கம்பெனி மூடி பாஸ்போர்ட்டும் கையுமா நின்ன நம்ம ஆளுங்களுக்கு இத விளக்கிச் சொல்ல வேண்டியது இல்ல.

பெண்களுக்கு இதெல்லாம் இன்னும் லேட்டா தான் வந்துது. இங்கிலாந்து பெண்கள் டீமுக்கு முழுநேர காண்ட்ராக்ட் 2019 ஜனவரியில தான் குடுத்தாங்க. 2025 ல அதே டீம் லண்டன்ல 80,000 பேருக்கு மேல பாக்க கனடாவ ஜெயிச்சு உலகக் கோப்பைய தூக்கிச்சு.

ஃபிஜிய பத்தி சொல்லாம இத முடிக்க எனக்கு மனசு வராது. நம்ம தமிழ் ஆளுங்க நூறு வருஷத்துக்கு முன்ன கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா போன தீவு அது. மொத்த ஜனம் பத்து லட்சம் கூட இல்ல, நம்ம குமரி மாவட்டத்துலயே அதவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆளு உண்டு. அந்த நாடு 2016 ரியோ ஒலிம்பிக்ல ஏழு பேர் ரக்பியில தங்கம் வாங்கிச்சு, அந்த நாட்டுக்கு அது தான் முதல் ஒலிம்பிக் மெடல், அந்த சந்தோஷத்துல ஏழு டாலர் நோட்டே அடிச்சு விட்டாங்க. அடுத்த ஒலிம்பிக்லயும் தங்கம். அங்க உள்ள பையங்க கிளம்பிப் போய் பிரான்சுல கிளப்புகள்ல ஆடி வீட்டுக்குப் பணம் அனுப்புவாங்க, அங்கயும் அதுல தான் தம்பி படிப்பான், வீடு எழும்பும். 2023 உலகக் கோப்பைல ஃபிஜிக்க ஜோசுவா துயிசோவாவுக்க மகன், ஏழு வயசுப் பிள்ள, ரொம்ப நாளா உடம்பு சரியில்லாம இருந்து ஜார்ஜியா மேட்ச்சுக்கு முந்தின நாள் இறந்துட்டு. அவரு பிரான்சுல டீமோட இருந்தாரு. அடுத்த நாள் களத்துல இறங்கினாரு, ஃபிஜி 17-12 ல ஜெயிச்சுது. அன்னைக்கு அந்த மனுஷன் முகத்த டிவியில பாத்துட்டு நான் எழும்பி வெளிய போயிட்டேன், எங்க கேம்ப்ல அப்பன் சாவுக்கு வர முடியாம கட்டில்ல முகத்த மூடிப் படுத்த ஒருத்தன எனக்குத் தெரியும்.

இனி மெடிக்கல். முழங்கால் ஜவ்வு கிழிஞ்சா ஒன்பது மாசம் வரைக்கும் போகும், தோள் நழுவினா ஆபரேஷன், இதெல்லாம் வரும்னு தெரிஞ்சு தான் கையெழுத்துப் போடுதாங்க. பயப்பட வேண்டியது தலையில படற அடி. மூள உள்ள குலுங்கும், வெளிய ஒரு கீறல் கூட இருக்காது. இங்கிலாந்துக்க ஸ்டீவ் தாம்சன், 2003 உலகக் கோப்பை ஜெயிச்ச டீமுக்க ஹூக்கர், நாப்பது வயசு கொஞ்சம் தாண்டினப்பவே மறதி நோய்னு டாக்டர் சொன்னாங்க, அந்த ஃபைனல் ஆடினதே எனக்கு ஞாபகம் இல்லன்னு அவரே சொல்லிட்டாரு. அவர மாதிரி நிறைய பேரு சேந்து இப்ப கேஸ் போட்டிருக்காங்க. அதுக்குப் பொறவு நிறைய மாறிச்சு. தலையில அடின்னு சந்தேகம் வந்தா உடனே வெளிய கூட்டிட்டுப் போய் 12 நிமிஷம் டாக்டர் பரிசோதிப்பாரு, தேறல்லன்னா அன்னைக்குத் திரும்ப இறங்க முடியாது. எதிராளி தலையில மோதினா ரெட் கார்டு வரைக்கும் போகும். 2024 ல இருந்து பெரிய போட்டிகள்ல பல்லுக்குப் போடற மவுத்கார்டுக்குள்ளயே சென்சர் வச்சு மோதின வேகத்த அளக்காங்க. பெத்தவங்க யாராவது இத வாசிச்சா ஒண்ணு மட்டும் சொல்லுதேன், எந்த விளையாட்டுலயும் பிள்ள தலையில அடிபட்டு மயங்கினாலோ ஒரு மாதிரி பேசினாலோ எண்ண தேச்சு படுக்க வச்சுட்டு அடுத்த நாள் பாப்போம்னு இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

இதெல்லாம் தாண்டி முப்பது, முப்பத்திரண்டு, ரொம்ப நல்லா உடம்ப வச்சிருந்தா முப்பத்தஞ்சு, அவ்வளவு தான் ரினிவல். சில பேருக்கு இருபத்தாறுலயே கழுத்தோ முழங்காலோ முடிச்சு விட்டுடும். அதுக்குப் பொறவு கோச், டிவியில பேசறது, பெரும்பாலான ஆளுங்க சாதாரண வேல. அதனால வீரர்கள் சங்கங்கள் ஆடிட்டு இருக்கும்போதே படிப்போ தொழிலோ ஒண்ணு கத்துக்கன்னு வற்புறுத்தும். புதன்கிழம லீவுல காலேஜ் போறவனும் தச்சு வேல படிக்கறவனும் உண்டு.

நம்ம நாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்காதுங்க. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் மோதற கோப்பைக்குப் பேரு கல்கத்தா கோப்பை. 1870கள்ல கல்கத்தாவுல இருந்த வெள்ளக்காரங்க கிளப்ப கலைச்சப்ப கணக்குல மிச்சம் இருந்த வெள்ளி ரூபாய உருக்கி செஞ்சது, கைப்பிடி மூணும் நாகப்பாம்பு, மூடி மேல யானை. அது அவங்க விட்டுட்டுப் போன கதை. இப்ப 2025 ல மும்பையில ரக்பி பிரீமியர் லீக்னு ஏழு பேர் ஆட்டத்துல தொடங்கி, முதல் வருஷமே சென்னை புல்ஸ் டீம் கோப்பைய எடுத்துச்சு. இந்தியாவுல சம்பளம் வாங்கிட்டு ரக்பி ஆடலாம்னு ஒரு வாசல் இப்பத் தான் திறந்திருக்கு. தூத்தூர், வள்ளவிளை பக்கம் மணல்ல வெறும் கால்ல ஃபுட்பால் ஆடி வளந்த பிள்ளைங்களுக்கு கால்லயும் நெஞ்சுலயும் இருக்கற பலத்த பாத்தா இதுல நல்லா வருவாங்கன்னு எனக்கு உறுதியா தோணுது. பந்தும் சொல்லிக் குடுக்க ஒரு ஆளும் தான் இல்ல.

பாக்க ஆசை வந்தா பிப்ரவரி, மார்ச்ல ஐரோப்பாவுல ஆறு நாடு மோதற சிக்ஸ் நேஷன்ஸ் போட்டி நடக்கும், அதுல தொடங்குங்க, அடுத்த ஆண்கள் உலகக் கோப்பை 2027 ல ஆஸ்திரேலியாவுல. முதல் தடவ பந்து பின்னாலயே கண்ண ஓட்டாதுங்க, தல சுத்தும். நான் மருமகனுக்கு சொன்னது, 7 ஆம் நம்பர் சட்டை போட்டவன மட்டும் ஒரு பாதி முழுக்க பாருன்னு. அவன் ஓடி ஒருத்தன சாய்ப்பான், எழும்புவான், பந்து மேல குனிஞ்சு பிடுங்கப் பாப்பான், மேல மூணு பேரு வந்து விழுவாங்க, திரும்ப எழும்பி அடுத்த ஆளுக்கு ஓடுவான். மருமகன் போன ஞாயிறு உக்காந்து எண்ணினான். பதினஞ்சு தடவ அவன் கீழ விழுந்து எழும்பினதுக்குப் பொறவு, "மாமா, இன்னும் இடைவேளை வரல்ல"ன்னான்.